குறுக்குவழி என்று சொல்பவர்களுக்கு

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள் என்று நம் பெற்றோர் தலைமுறையைப் பாராட்டுகிறோம். அதே வயிற்றை ஒருவன் மருத்துவமனைக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தால் பாராட்டு கேலியாகிவிடுகிறது. "காசக் குடுத்து வயித்தக் கட்டிட்டு வந்துட்டான். காலைல எந்திரிச்சு நடக்க வலிச்சுருக்கு" என்று எங்கள் ராயப்பன்பட்டியில் என் காதுபடவே சொன்னார்கள். சென்னையில், படித்தவர்கள் மத்தியில், இதே கருத்து ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும்: குறுக்குவழி.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிரானது. கேலி பேசும் உறவினரோடு மட்டும் எனக்குச் சண்டை இல்லை. நாளிதழில் பாதிப் பக்கத்துக்கு வரும் மருத்துவமனை விளம்பரத்தோடும் சண்டை இருக்கிறது. இடப்பக்கம் குண்டாக ஒரு படம், வலப்பக்கம் ஒல்லியாக ஒரு படம், நடுவில் ஓர் அம்புக்குறி. உறவினர் வசையாகச் சொல்வதை விளம்பரம் வாக்குறுதியாகச் சொல்கிறது. இருவரும் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாள் படுத்து எழுந்தால் வேலை முடிந்தது. முடியவில்லை என்பதை 11 வருடமாக அனுபவித்து வருகிறேன். இந்த ஒரே பொய்யை இரண்டு பக்கமிருந்தும் சொல்வதால்தான், அறுவைக்குப் பிறகான வாழ்க்கையைக் கவனிக்க நம்மிடம் ஓர் ஏற்பாடும் இல்லை.

முதலில் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். 2014-இல் எனக்கு 25 வயது, 128 கிலோ. உயரத்தோடு கணக்கிட்டால் பிஎம்ஐ 45. சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. எனக்குப் பொருத்தியது இரைப்பைப் பட்டை, அதாவது கேஸ்ட்ரிக் பேண்ட். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு சிலிகான் வளையத்தை மாட்டுவார்கள். வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை உருவாகும். அதன் கொள்ளளவு 15 முதல் 30 மில்லி, இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் இல்லை. வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த போர்ட்டுக்கு வரும். அதில் ஊசி வழியாக உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், உறிஞ்சினால் தளரும். எதையும் வெட்டி எடுப்பதில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பதே இதன் பெருமை. லூபோமிர் குஸ்மாக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1986-இல் இப்படி இறுக்கித் தளர்த்தும் பட்டையை அறிமுகப்படுத்தினார். 2001-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்து அது உலகமெங்கும் பரவியது. இன்று அதன் இடத்தை, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை பிடித்துக்கொண்டது. எங்களைப் போன்ற பட்டைக்காரர்கள் பழைய மாடல்கள்.

இனி, இதோடு வாழ்வது எப்படி என்று பார்ப்போம். ஒரு வாய்ச் சோற்றை 20 தடவைக்கு மேல் மெல்ல வேண்டும். குழைந்த சோறு உருண்டு நிற்கும். புரோட்டா அடைக்கும். நார் நாரான நாட்டுக்கோழி அடைக்கும். அடைத்தால் நெஞ்சுக்குழியில் ஒரு கல் உட்கார்ந்ததுபோல் இருக்கும். வாயில் எச்சில் நுரையாக ஊறும். பிறகு தின்றது திரும்பி மேலே வரும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. எங்கள் ஊரைச் சுற்றி விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் திராட்சையின் தடித்த தோல் எனக்கு ஆகாது. ஒவ்வொன்றாகப் பிதுக்கி, தோலையும் விதையையும் துப்பிவிட்டுத் தின்ன வேண்டும். அதையே பிழிந்து சீனி போட்டுக் கொடுத்தால் ஒரு தடையுமில்லாமல் உள்ளே போய்விடும். பட்டையின் பெரிய ஓட்டை இதுதான். அவித்த முட்டையை மறிக்கும், ஜிகர்தண்டாவுக்கு வழிவிடும். உடம்புக்கு நல்லதெல்லாம் கஷ்டப்பட்டு இறங்கும், கெட்டதெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். மூன்று வேளையும், வருடத்தின் 365 நாளும், இந்த வாசலில் காவல் நிற்பது சிலிகான் அல்ல, நான்தான். இதையா குறுக்குவழி என்கிறீர்கள்?

"நடந்தா போச்சு" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2011-இல் ஆஸ்திரேலியாவில், அதிக எடையுள்ள 50 பேரை 10 வாரம் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோதும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுதலாகவும் போதுமென்று சொல்லும் ஹார்மோன்கள் குறைவாகவும் இருந்தன. உடம்பு இழந்த எடையைக் கடன் பாக்கிபோல நினைவில் வைத்துக்கொண்டு வசூலுக்கு வருகிறது. நடைப்பயிற்சி நல்லது, நானும் சண்முகாநதி அணைப் பக்கம் தினமும் நடக்கிறேன். ஆனால் 128 கிலோவில் இருப்பவனின் பசியும், 70 கிலோவில் இருந்துகொண்டு அவனுக்குப் புத்தி சொல்பவரின் பசியும் ஒன்றல்ல. ஒருவருக்குக் கண் பார்வை மங்கினால் "உத்துப் பாத்தா போச்சு" என்று சொல்வதில்லை.

அறுவை பலன் தருவதற்கும் ஆதாரம் இருக்கிறது. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். செய்துகொண்டவர்கள் சராசரியாக 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆகவே நான் அறுவைக்கு எதிரி அல்ல. அது என் மூச்சைத் திருப்பிக் கொடுத்தது. சர்க்கரையை இறக்கியது. இன்று 91 கிலோவில் இருக்கிறேன். விளம்பரத்தின் வலப்பக்கப் படத்தில் என்னைப் போடமாட்டார்கள், பரவாயில்லை.

அறுவையை விற்கும் விதத்தோடுதான் எனக்குத் தகராறு. நான் மென்பொருள் துறையில் இருப்பவன். எங்கள் தொழிலில் மென்பொருளை வெளியிடும் நாளன்று கேக் வெட்டுவார்கள். வெளியிட்ட பிறகு பத்து வருடம் அதைப் பராமரிப்பவனுக்குக் கேக் கிடையாது, ஆனால் அவன் இல்லாவிட்டால் மென்பொருளும் கிடையாது. இதைத் தெரிந்த எந்த வாடிக்கையாளரும் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் பணம் கட்டமாட்டார். இந்த அறுவையில் மட்டும் மனித உடம்பைப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

பட்டையைப் பற்றிய அமெரிக்கக் கணக்கு ஒன்று 2017-இல் வெளியானது. அங்கே அரசின் மெடிகேர் காப்பீட்டில் பட்டை பொருத்திக்கொண்ட சுமார் 25,000 பேரில் 18.5 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டிருக்கிறது. ஒரு தடவையோடு முடியவில்லை, அவர்களில் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 3.8 தடவை. பட்டைக்காக அந்தக் காப்பீடு செலவழித்த பணத்தில் கிட்டத்தட்ட பாதி மறு அறுவைகளுக்கே போயிருக்கிறது. பட்டை நழுவலாம், இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளே போகலாம், குழாய் கசியலாம், மேலே உணவுக்குழாய் விரிந்துவிடலாம். இதெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரியும். எனக்குக் கையெழுத்து வாங்கிய காகிதத்திலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. பெரிய எழுத்தில் இருந்தது கிலோ மட்டுமே.

2021-இல் ஒரு நாள் மாலையில் என் பட்டை நழுவியது. அப்போது அது நழுவல் என்று எனக்கும் தெரியாது. எச்சிலை விழுங்கினாலும் வெளியே வந்தது. பக்கத்து ஊரில் ஒரு சிகிச்சையகத்துக்குப் போனேன். "கேஸ் ட்ரபுள்" என்று ஊசி போட்டார்கள். வயிற்றில் பட்டை இருக்கிறது, போர்ட்டிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டால் போதும் என்று சொன்னேன். தோலுக்கடியில் தட்டுப்பட்ட கட்டியைத் தொட்டுப் பார்த்து, கொழுப்புக் கட்டியா என்று கேட்டார்கள். அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் போர்ட்டில் சாதாரண ஊசியைக் குத்தக் கூடாது, குத்தினால் கசியும். ஹூபர் ஊசி என்று தனி ஊசி வேண்டும். சரியான ஊசியும் பழகிய கையும் இருந்தால் சில நிமிட வேலை. அந்த ஊசியைத் தேடி உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, உசிலம்பட்டி எல்லாம் தாண்டி ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குப் போனேன். வழியெல்லாம் மாமா கார் ஓட்ட, நான் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீடித்த வாந்தி வெறும் தொந்தரவு அல்ல. தையமின் என்ற பி1 சத்து தீர்ந்துபோய் மூளையையே பாதிக்கலாம். சத்தைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். சாதாரண வாந்திக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதுதானே நம் ஊர்ப் பழக்கம்?

அறுவை செய்த மருத்துவமனை 200 கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு நகரத்தில். அவர்கள் கொடுத்த தொகுப்புக் கட்டணத்தில் பின்கவனிப்பு ஒரு வருடம். நான் கூப்பிட்டது ஏழாவது வருடம். "பழைய பேஷண்டா சார்? புதுசா ரெஜிஸ்டர் பண்ணணும்" என்றார்கள். உடம்புக்குள் அவர்கள் வைத்த வளையம் புதிதாகப் பதிவு செய்துகொண்டு நழுவவில்லை.

அவர்கள் தந்த உணவுப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்ஸ், பிராக்கோலி, கிரேக்கத் தயிர். என் அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எந்தச் சந்தையிலப்பா விக்கிது?" என்றார். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, அவித்த முட்டை, மோர், முள் நீக்கிய மீன் என்று கம்பம் பள்ளத்தாக்கில் கிடைப்பதை வைத்தே தினசரிப் புரதக் கணக்கைச் சரிக்கட்டலாம். கேப்பைக்களியை எவ்வளவு இளக்கிக் கிண்டினால் இறங்கும் என்று எனக்குச் சொன்னது எந்த உணவியல் நிபுணரும் அல்ல, அம்மாதான். ஆறு மாதம் அடுப்படியில் நின்று அவரே கண்டுபிடித்தார். அந்த அறிவை எந்த மருத்துவமனையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த நோயாளியின் அம்மா மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

காப்பீட்டுக்கும் இதே நோய்தான். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி, பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடும் தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவை இருந்து மற்ற வழிகள் பலிக்காமல் போனாலோ, மருத்துவர் பரிந்துரைத்தால் உடற்பருமன் அறுவைக்குக் காப்பீடு உண்டு. பெரிய முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் அறுவைக்குப் பிந்தைய செலவு இரண்டு மூன்று மாதத்தில், மிஞ்சிப்போனால் ஆறு மாதத்தில் நின்றுவிடும். வைட்டமின் பி12-ம் இரும்புச்சத்தும் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டியவை. கத்திக்குப் பணம் உண்டு, கத்திக்குப் பிறகு இல்லை.

சரி, இத்தனை பேருக்கு இது நடக்கிறது என்றால் ஏன் ஒருவரும் சத்தம் போடுவதில்லை? இங்கேதான் அந்தச் சொல் தன் வேலையைச் செய்கிறது. குறுக்குவழியில் போனவன் வழியில் விழுந்தால் புகார் சொல்ல முடியாது. அறுவை செய்துகொண்டதை மாமியார் வீட்டில் சொல்லாத பெண்களை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் "ஹெர்னியா ஆபரேஷன்" என்று விடுப்பு எடுத்தவர்களைத் தெரியும். இங்கே மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி 2013 பிப்ரவரியில் இதே பட்டையைப் பொருத்திக்கொண்டார். பொய்ப் பெயரில் பதிவு செய்துகொண்டு போனார். மே மாதத்தில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு மாநிலத்தையே ஆள்பவர் பெயரை மாற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதென்றால், பந்தியில் உட்காரும் எங்கள் தெருப் பெண் எப்படி வாயைத் திறப்பாள்? மறைக்கிறவள் பந்தியில் எல்லோரையும்போல் சாப்பிடுவதாக நடிக்க வேண்டும். நடித்தால் அடைக்கும். அடைத்தால் எழுந்து ஓட வேண்டும். ஓடினால் "மாசமா இருக்கியா?" என்று கேள்வி வரும். பின்கவனிப்புக்கு ஊருக்குப் போகவும் ஒரு பொய் வேண்டும். நாளடைவில் போவதே நின்றுவிடும். இந்த அறுவையில் பின்கவனிப்பை விட்டால் பாதி அறுவையை விட்ட மாதிரி.

விருந்தோம்பலைப் பற்றிச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். ஆகஸ்டில் பனிமய மாதா கோயில் திருவிழா என்றால் வீடு வீடாகக் கறிச்சோறு. இலையில் உட்கார்ந்தவனின் "போதும்" என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தமே கிடையாது. "என்னய்யா, இம்புட்டுதேனா? எங்க வீட்டுச் சோறு ஒனக்கு ஆகாதா?" என்று பெரியம்மா கேட்டால் அது அன்பு. ஆனால் அந்த அன்பு எனக்கு இரைப்பைக்குள் சிலிகான் நழுவும் அபாயம்.

இந்த ஊருக்கு அடுத்தவர் வயிற்றை மதிக்கத் தெரியாமல் இல்லை. பெரிய வெள்ளியன்று யாரும் யாரையும் கறி தின்னச் சொல்வதில்லை. கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் சாமிகள் எங்கள் சாலையெல்லாம் நிறைந்திருப்பார்கள். மாலை போட்டவனிடம் ஒரு முட்டையைக்கூட நீட்டமாட்டார்கள். கடவுளுக்காக வாயைக் கட்டினால் மரியாதை, டாக்டருக்காகக் கட்டினால் நக்கல். அதுவும் நிரந்தரமானதல்ல. நான் சிறுவனாக இருந்தபோது டீயில் சீனி வேண்டாம் என்றவரை விநோதமாகப் பார்த்தார்கள். இன்று எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி, "சீனி போடவா, வேணாமா?" இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு வீடு சர்க்கரை வந்தது, வெட்கம் போனது, கேள்வி வந்தது. உடற்பருமனும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். பணக்காரர் வியாதி என்று இனியும் சொல்ல முடியாது. பந்தியில் பத்துப் பேரில் நான்கு பேர்.

கேட்பது இவ்வளவுதான். அறுவை செய்யும் மருத்துவமனை ஐந்து வருடப் பின்கவனிப்பைக் கட்டணத்திலேயே சேர்த்துச் சொல்லட்டும். விலை கூடினால் கூடட்டும், உண்மை விலை அதுதான். ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் ஓர் அட்டை கொடுக்கட்டும்: உள்ளே என்ன வைத்திருக்கிறோம், வாந்தி நிற்காவிட்டால் என்ன செய்ய வேண்டும், எந்த ஊசி, எந்த மாத்திரை கூடாது. அதை எந்தக் கிராமத்து டாக்டரிடமும் நீட்டலாம். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் அங்கே இத்தகைய நோயாளிகளுக்கென்று ஒதுக்க முடியாதா? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. அந்தப் பையில் ஒரு பி12 மாத்திரைக்கு இடமில்லையா?

எங்கள் ஊர் விவசாயிகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். திராட்சைப் பந்தலில் கவாத்து அடிப்பதை யாரும் குறுக்குவழி என்பதில்லை. வெட்டிவிட்டால் காய்த்துவிடும் என்றும் யாரும் நம்புவதில்லை. வெட்டிய பிறகுதான் உரம், மருந்து, கொடி கட்டுதல், ராத்திரித் தூக்கம் கெடுதல் எல்லாம். கவாத்து அடித்துவிட்டுப் பந்தலை விட்டுப் போனவன் பழம் பறிப்பதில்லை.

இனி இன்னும் அவசரம். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வீகோவி என்று எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டன. வீகோவியில் இருக்கும் செமகுளூட்டைட் மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று 2022-இலேயே ஆய்வு வந்தது. இந்த ஊசிகள் விலை இறங்கி, கம்பம் பஜாரின் மருந்துக் கடைக்கு வந்து சேரும் நாள் தொலைவில் இல்லை. அப்போது எங்களுக்கு நடந்ததே பத்து மடங்கு பேருக்கு நடக்கும். விளம்பரக்காரர் அம்புக்குறி போடுவார், உறவினர் குறுக்குவழி என்பார், ஊசி போட்டுக்கொண்டவர் ஒளிந்துகொண்டு போடுவார், ஒளிந்துகொண்டே நிறுத்துவார்.

மருத்துவமனையும் அரசும் மாறுவதற்கு நாளாகும். பரிமாறுகிறவர்கள் இன்றைக்கே மாறலாம். சோற்றுக் கரண்டியோடு இலைமுன் நிற்கும்போது, "சீனி போடவா?" என்று கேட்கக் கற்றுக்கொண்ட அதே வாயால், "எம்புட்டு வைக்கட்டும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சொன்ன அளவு மட்டும் வையுங்கள்.